சந்தன நிறக் கார்ப்பெட்டுக்கு எந்தச் சாம்பல் நிறம் பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சுவருக்கு அடிக்கும் சாயம் கலக்கும் வேலை எனக்கு. தீபாவளிக்கு ஆறேழு வாரம் இருக்கும்போதே கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் பச்சை, நீலம், மாம்பழ மஞ்சள் என்று கேட்டு வந்தவர்கள் இப்போது சாம்பல் நிறம் கேட்கிறார்கள். வீட்டில் ஏற்கனவே சந்தன நிறத்தில் கார்ப்பெட் கிடக்கிறது, இல்லையென்றால் அதே நிறத்தில் டைல். சுவரும் தரையும் ஒத்துப்போகுமா என்பதுதான் எல்லாருக்கும் கவலை. தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்துச் சேர்த்த காசு. ஒருமுறை அடித்துவிட்டால் நாலைந்து வருடம் அந்தச் சுவரோடுதான் இருக்க வேண்டும். கடையில் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகச் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

சாம்பலும் சந்தன நிறமும் சேருமா, சேராதா?

சேரும். சரியாகப் பார்த்து எடுத்தால் மிக அழகாகவே சேரும். ஆனால் எந்தச் சாம்பலையும் எந்தச் சந்தனத்தோடும் வைக்க முடியாது.

சுத்தமான சாம்பல் நிறம் என்று கடையில் காட்டும் நிற அட்டையில் ஒன்றிரண்டுதான் இருக்கும். மற்ற எல்லாவற்றுக்குள்ளும் வேறொரு நிறம் ஒளிந்திருக்கிறது. ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் கத்தரிப்பூ நிறம், ஒன்றில் பழுப்பு. இதை நான் உள்சாயல் என்று சொல்வேன். சந்தன நிறத்திலும் இதே கதைதான். கோதுமை மாதிரி மஞ்சள் சாயலில் இருக்கும், பிஸ்கட் மாதிரி ரோஸ் சாயலில் இருக்கும், ஈர மணல் மாதிரி சாம்பலை ஒட்டியும் இருக்கும். தரையின் உள்சாயலும் சுவரின் உள்சாயலும் ஒன்றையொன்று இழுக்காமல் இருந்தால் போதும், வேலை முடிந்தது. இழுத்தால், விலை உயர்ந்த சாயமாக இருந்தாலும் அறைக்குள் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

சுவர் அடித்த பிறகு கார்ப்பெட் அழுக்காகத் தெரிகிறது. கழுவியும் போகவில்லை. ஏன்?

கார்ப்பெட்டில் அழுக்கு இல்லை. சுவர்தான் அப்படிக் காட்டுகிறது.

பிரான்ஸில் செவ்ரோல் என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். 1824ல் பாரிஸில் உள்ள கோப்ளான் என்ற அரச நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். சித்திரம் நெய்த பெரிய திரைகளுக்குப் பேர்போன ஆலை அது. கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை, நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வெளுத்துத் தெரிகிறது என்று அங்கே புகார் வந்தது. நூலைச் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் இருக்கிற நிறம்தான் கண்ணுக்கு அதை மாற்றிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, 1839ல் பெரிய நூலாகவே வெளியிட்டார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள், ஒன்றை மற்றொன்று தன் எதிர் நிறத்தின் பக்கம் தள்ளும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

உங்கள் வீட்டில் நடப்பதும் இதேதான். நீலத்தின் எதிர்ப்பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் இருக்கின்றன. நீலச் சாயல் கொண்ட சாம்பலைச் சுவரில் அடித்தால், தரையில் கிடக்கும் மஞ்சள் சாயல் கார்ப்பெட் இன்னும் மஞ்சளாகும். தேநீர் கொட்டித் துடைத்த மாதிரி ஒரு நிறம் வந்துவிடும். எத்தனை தடவை கழுவினாலும் போகாது.

என் கார்ப்பெட்டில் என்ன சாயல் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வெள்ளை ஏ4 தாள் போதும். பகல் 10 மணி வாக்கில் லைட்டை அணைத்துவிட்டு, கார்ப்பெட்டின் சுத்தமான ஓரத்தில் தாளை வையுங்கள். தாளுக்குப் பக்கத்தில் பார்க்கும்போது அதுவரை பொதுவாகச் சந்தனம் என்று தெரிந்தது, மஞ்சளாகவோ ரோஸாகவோ பச்சை கலந்ததாகவோ தன் முகத்தைக் காட்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கோதுமை மாவு, இன்னொன்றில் மாரி பிஸ்கட் என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதோடு ஒத்துப்போகிறது என்பது உடனே தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். கார்ப்பெட்டின் முடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வாசல் பக்கம் நின்று பார்த்தால் ஒரு நிறம், சமையலறைப் பக்கம் நின்று பார்த்தால் கொஞ்சம் அழுத்தமான நிறம். நீங்கள் அதிகம் உட்காரும் இடத்திலிருந்து தெரிவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம், பழைய கார்ப்பெட்டாக இருந்தால் முதலில் கழுவிக் காய வைத்துவிடுங்கள். அழுக்கு நிறத்துக்குப் பொருத்தமாகச் சாயம் எடுத்துவிட்டு, பிறகு கழுவினால் எல்லாம் மாறிப்போகும்.

சரி, எந்தக் கார்ப்பெட்டுக்கு எந்தச் சாம்பல்?

மஞ்சள் சாயல் கார்ப்பெட் என்றால், பழுப்போ லேசான பச்சையோ கலந்த சாம்பல் நன்றாக இருக்கும். சாம்பலுக்கும் சந்தனத்துக்கும் நடுவே நிற்கிற நிறங்களைச் சாய நிறுவனங்கள் கிரேஜ் என்று விற்கின்றன. அதில் சாம்பல் பக்கம் சாய்ந்ததாகப் பார்த்து எடுங்கள். நீலச் சாயல் வேண்டாம், கத்தரிப்பூச் சாயல் வேண்டவே வேண்டாம். கத்தரிப்பூ மஞ்சளுக்கு நேர் எதிர்.

ரோஸ் சாயல் கார்ப்பெட்தான் பெரிய தொல்லை. பச்சை கலந்த சாம்பலை அடித்தால் கார்ப்பெட் தோல் நிறத்துக்குப் போய்விடும். மஞ்சள் ஓங்கிய கிரேஜ் அடித்தாலும் சுவர் பழசாகத் தெரியும். இதற்குச் சிவப்பு லேசாகக் கலந்த சாம்பல்தான் வழி. காளானின் அடிப்பக்க நிறம் என்று சொன்னால் புரியும். அட்டையில் தனியாகப் பார்க்கும்போது அந்த நிறத்தை யாருக்கும் பிடிக்காது. கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும் அமைதியாகிவிடும். அட்டையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களிடம், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சாம்பலை ஒட்டிய மணல் நிறக் கார்ப்பெட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஏறக்குறைய எந்தச் சாம்பலும் ஒத்துவரும், லேசான நீலச் சாயல்கூட.

கடையில் அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகிறது. உள்சாயலை எப்படிப் பிரிப்பது?

ஒரே ஒரு நிறத்தை உற்றுப் பார்த்தால் தெரியவே தெரியாது. நாலைந்தைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். இது நீலமாக இருக்கிறதே, அது பச்சையாக இருக்கிறதே என்று கண் தானாகப் பிரிக்கும். அட்டை நீளவாக்கில் இருந்தால், அதே வரிசையில் மிக அழுத்தமான கடைசி நிறத்தைப் பாருங்கள். மேலே வெளிறித் தெரிகிற சாம்பலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

இன்னொரு வழி, கலக்குபவரிடமே கேட்பது. சாயத்தின் அடிப்படை வெள்ளை. அதற்கு டைட்டானியம் டை ஆக்சைடு என்ற தூள் காரணம். அதில் இயந்திரம் சொட்டுச் சொட்டாக நிறமிகளை விடும். வெறும் கறுப்பு நிறமி மட்டும் விட்டால் சாம்பல் லேசாக நீலம் காட்டும், புகைக்கரி நிறமியின் குணம் அது. மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் சேர்ந்தால் சூடான சாம்பல். நீலமோ கத்தரிப்பூவோ சேர்ந்தால் குளிர்ந்த சாம்பல். கலவை இயந்திரத்தின் திரையில் இருக்கும். "இதில் கறுப்போடு வேறென்ன போகிறது?" என்று கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர் பதில் சொல்லத்தான் நிற்கிறார்.

நிப்போன், டியூலக்ஸ், ஜோட்டன் என்று ஒவ்வொன்றின் அட்டையும் தனித்தனி. ஒன்றின் பெயரைச் சொல்லி இன்னொன்றில் கலக்கச் சொன்னால் கிட்டத்தட்டத்தான் வரும். சாம்பலில் கிட்டத்தட்ட என்பது ஆபத்து, ஏனென்றால் ஒரு சொட்டு நீலம் கூடினாலே உள்சாயல் மாறிவிடும்.

வெளிறிய சாம்பலா, அழுத்தமான சாம்பலா?

சாயத்துக்கு எல்.ஆர்.வி. என்று ஓர் அளவு உண்டு. விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும். முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 100. பல நிறங்களுக்கு அட்டையிலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ இந்த எண் இருக்கும்.

நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், வரிசை வீடுகளுக்கு முன்னாலும் பின்னாலும்தான் ஜன்னல். நடு ஹாலுக்கு வெளிச்சம் வந்து சேருவதற்குள் பாதி தீர்ந்துவிடும். அந்த ஹாலுக்கு 60க்குக் கீழே போகாதீர்கள் என்பது என் எண்ணம். 60 முதல் 70 வரை எடுத்தால் சாம்பல் என்றும் தெரியும், அறையும் இருளாது. இரண்டு பக்கம் ஜன்னல் உள்ள மூலை வீடாக இருந்தால் 50 வரை இறங்கலாம்.

சுவரும் கார்ப்பெட்டும் ஒரே அளவு அழுத்தத்தில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் அறை களையிழந்து போகும். சுவர் தெளிவாக வெளிறியதாக இருக்கட்டும், அல்லது ஒரே ஒரு சுவர், டிவி மாட்டியிருக்கிற சுவர் மட்டும், தெளிவாக அழுத்தமாக இருக்கட்டும். கைப்பேசியில் கார்ப்பெட்டையும் நிற அட்டையையும் சேர்த்துப் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்து தெரிந்தால் அட்டையில் ஒரு படி மேலே போங்கள்.

வடக்குப் பார்த்த அறைக்குச் சூடான சாம்பல், தெற்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த சாம்பல் என்று இணையத்தில் படித்தேன். நமக்கும் அதுதானா?

இல்லை. அது லண்டன், நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு எழுதியது. அங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில்தான் இருக்கும். அதனால் வடக்கு ஜன்னலில் நேர் வெயில் அதிகம் படாது, வானத்தின் நீல வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சுங்கை சிப்புட் வடக்கே ஏறக்குறைய 5 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வார வாக்கிலும் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அது வடக்குப் பக்கம், மீதி மாதங்களில் தெற்குப் பக்கம். ஆக, நம் வீட்டு வடக்கு ஜன்னலுக்கு ஜூனில் வெயில் உண்டு, டிசம்பரில் இல்லை. தெற்கு ஜன்னலுக்குத் தலைகீழ்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எல்லாரும் சாயம் பார்ப்பது தீபாவளிக்கு முன்னால், அக்டோபர், நவம்பரில். அப்போது சூரியன் தெற்கில். தெற்குப் பார்த்த அறையில் மதியம் எல்லாச் சாம்பலும் இதமாகத் தெரியும். ஜூனில் அதே சுவர் ஒரு படி குளிர்ந்துவிடும். தெற்கு அறைக்கு எடுக்கிறவர்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் சூடான சாம்பலாக எடுத்தால் வருடம் முழுக்க ஒத்துவரும்.

நமக்குக் கிழக்கும் மேற்கும்தான் முக்கியம். கிழக்கு அறையில் காலையில் பொன் வெளிச்சம், மதியத்துக்கு மேல் நிழல். மேற்கு அறையில் நாலு மணி வெயில் சுவரில் அடித்தால் சூடான சாம்பல்கூட ஆரஞ்சாகும். நீங்கள் எப்போது அந்த அறையில் இருக்கிறீர்கள்? காலை ஷிப்டுக்குப் போய்விட்டு மாலையில் திரும்புகிறவர் மாலை வெளிச்சத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம், ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள். செம்பனை மரத்தை ஒட்டிய கடைசி வரிசை வீடுகளில் பச்சை வெளிச்சம் உள்ளே வரும். அங்கே பச்சைச் சாயல் சாம்பல் அடித்தால் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். கார் நிறுத்தும் இடத்துக்கு நீல நிறத்திலோ பச்சை நிறத்திலோ பிளாஸ்டிக் கூரை போட்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன் ஹாலுக்குள் வருகிற வெளிச்சம் முழுவதும் அந்தக் கூரையைத் தாண்டித்தான் வருகிறது. நீலக் கூரைக்குக் கீழே சுத்தமான சாம்பல் என்று எதுவுமே தெரியாது. இந்த வீடுகளுக்கு நான் பழுப்புச் சாயலை மட்டும்தான் கலந்து தருகிறேன்.

பகலில் நன்றாக இருக்கிறது. இரவில் லைட் போட்டால் சுவர் நீலமாகிவிடுகிறது!

லைட்டின் வெளிச்ச நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். உங்கள் லைட் 6500 கெல்வினாக இருக்கும். பெட்டியில் டேலைட் என்று போட்டிருப்பது அதுதான். நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வெள்ளை வெளிச்சம்தான், பளிச்சென்று இருக்கிறது என்று எல்லாரும் அதையே வாங்குகிறார்கள். சாம்பல் சுவரையும் சந்தனக் கார்ப்பெட்டையும் ஒரே நேரத்தில் கெடுப்பதற்கு இதைவிட வேறொன்று வேண்டாம். 4000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள், சாயம் மாற்றவே தேவைப்படாமல் போகலாம். 2700, 3000 என்று இறங்கினால் சுவர் மஞ்சளாகும். படுக்கையறைக்கு அது சரி, ஹாலுக்குச் சிலருக்குப் பிடிக்காது. பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் 80க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள், 90 இருந்தால் இன்னும் நல்லது. நிறங்களை உள்ளபடி காட்டும்.

ஒரு லைட்டுக்குக் கீழே ஒத்துப்போன இரண்டு நிறங்கள் இன்னொரு லைட்டுக்குக் கீழே பிரிந்து நிற்பது சாயத் தொழிலில் தெரிந்த விஷயம். கடை லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு அதுதான் காரணம்.

சுவரில் நேராகக் கொஞ்சம் அடித்துப் பார்க்கலாமா?

வேண்டாம். பழைய மஞ்சளுக்கு நடுவே சாம்பலை அடித்தால் செவ்ரோல் சொன்ன கதைதான் நடக்கும், அந்தச் சாம்பல் கத்தரிப்பூவாகத் தெரியும்.

ஒரு லிட்டர் டின் வாங்கி, 2 அடிக்கு 2 அடி பிளைவுட்டிலோ தடித்த வெள்ளை அட்டையிலோ இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகவே விடுங்கள், பழைய சுவரின் நிறம் தொந்தரவு செய்யாது. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். தண்ணீர்ச் சாயம் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு படி அழுத்தமாகும். பிறகு அட்டையின் அடிப்பாகம் கார்ப்பெட்டைத் தொடும்படி சுவரில் சாய்த்து வையுங்கள். சுவரின் நடுவில் கண் உயரத்துக்கு ஒட்டிப் பார்ப்பதில் பயனில்லை, சுவரும் தரையும் சந்திக்கிற இடத்தில்தான் சண்டையே.

காலை, மதியம், மாலை, லைட் போட்ட பிறகு என்று பாருங்கள். தீபாவளி மாதங்களில் பிற்பகல் மழை வழக்கம், அந்த மேகமூட்டத்திலும் ஒருமுறை பாருங்கள். அறையின் எதிர்ச் சுவருக்கும் மாற்றி வையுங்கள். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்று வாங்கித் திருப்பும் என்பதால், முழு அறையில் உள்சாயல் அட்டையில் தெரிந்ததைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். அட்டையிலேயே கொஞ்சம் நீலமோ என்று சந்தேகம் வந்தால், அறையில் அது சந்தேகமில்லாத நீலம்.

எங்கள் வீட்டில் கார்ப்பெட் இல்லை, சந்தன நிற டைல்தான். இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும். கூடுதலாக இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பளபளப்பான டைல் சுவரின் நிறத்தையும் ஜன்னல் வெளிச்சத்தையும் திருப்பிக் காட்டும், அதனால் டைலின் சாயல் சுவரின் கீழ்ப்பாகத்தில் ஏறும். கார்ப்பெட் அவ்வளவு செய்யாது. இன்னொன்று, டைல் இணைப்புகளில் இருக்கும் சிமெண்டுக் கோடு. அது ஏற்கனவே சாம்பல் நிறமாக இருந்தால் அதையே சுவருக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் இருக்கிற சாம்பலை ஒட்டியே சுவரின் சாம்பலும் இருந்தால் யாரோ திட்டமிட்டுச் செய்த மாதிரி வந்துவிடும்.

டைல் மேல் சோபாவுக்கு அடியில் மட்டும் கார்ப்பெட் போட்டிருந்தால், டைலுக்குத்தான் முதல் மரியாதை. கார்ப்பெட்டைச் சுருட்டி வைக்கலாம், டைலைச் சுருட்ட முடியாது.

லோரி போகிற சாலை ஓரத்து வீடு. செம்மண் தூசி படிகிறது. சாம்பல் தாங்குமா?

நல்ல கேள்வி, இதை முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் தோட்டத்துச் சாலையிலிருந்து கிளப்பி வரும் தூசி, இரும்புச் சத்து உள்ள சிவந்த மண். நீலச் சாம்பல் சுவரில் அது துரு வழிந்த மாதிரி தெரியும். பழுப்புச் சாயல் சாம்பலில் அடுத்த கழுவல் வரை கண்ணில் படாது. வாசல் சுவருக்கும் படிக்கட்டுச் சுவருக்கும் கழுவக்கூடிய சாயமாக எடுங்கள்.

சாம்பல் நிறம் மங்கலமில்லை என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?

அவர்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். தோட்டத்து லயன் வீட்டில் சுண்ணாம்பு வெள்ளையும் வாசலில் மஞ்சளும் குங்குமமுமாக வாழ்ந்தவர்களுக்கு, புது வீட்டுச் சுவர் மேகம் மூடிய மாதிரி இருந்தால் மனசுக்கு ஒப்பாது. அவர்கள் வேண்டாம் என்பது பெரும்பாலும் அந்தக் குளிர்ந்த நீலச் சாம்பலைத்தான். சூடான, வெளிறிய கிரேஜ் அட்டையைக் காட்டுங்கள், கார்ப்பெட்டுக்குப் பக்கத்தில் வைத்தே காட்டுங்கள். அதைச் சாம்பல் என்றே பலர் சொல்வதில்லை. சாமி மேடை இருக்கிற சுவரை அவர்கள் விருப்பப்படி சந்தனமோ பாலாடை நிறமோ அடித்துவிடுங்கள். கார்ப்பெட் ஏற்கனவே சந்தனம் என்பதால் அந்த ஒரு சுவர் தனியாகத் துருத்தி நிற்காது. அறைக்கு அது அழகாகவே இருக்கும்.

சாமி அறைக்கும் சாம்பல் அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் விளக்குப் புகையும் கற்பூரக் கரியும் மேலேறும் இடத்தில் கறுப்புப் படியும். ஏற்கனவே கரி படிந்த சுவர் என்றால் சோப்புத் தண்ணீரில் கழுவி, கறை மறைக்கும் சீலர் ஒரு கோட் கொடுத்த பிறகே சாயம். நேராக அடித்தால் பழுப்புக் கறை மேலே வந்துவிடும்.

கதவு, நிலை எல்லாம் செம்பழுப்பு மரம். கூரைப் பலகை வெள்ளை. இவற்றோடு?

நம் ஊர்க் கதவுகள் பல நியாத்தோ மரம், சிவப்பு ஓடும். வார்னிஷ் அடித்து வருடமானால் ஆரஞ்சுக்குப் போகும். அதற்கும் கார்ப்பெட்டுக்கும் ஒரே மருந்து, சூடான சாம்பல். நீலச் சாம்பல் அடித்தால் கதவு தீப்பிடித்த மாதிரி நிற்கும். சாம்பல் சுவர் வந்துவிட்டது என்று நல்ல மரக் கதவுக்கு வெள்ளைச் சாயம் அடிக்க ஆள் கூப்பிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அந்த மாதிரி மரம் இப்போது வாங்கப் போனால் விலை தெரியும்.

கூரைக்குப் பளீர் வெள்ளை எடுத்தால் சுவர் ஒரு படி இருண்டு தெரியும், கார்ப்பெட் இன்னும் மஞ்சளாகும். லேசாகப் பால் சாயல் உள்ள வெள்ளை போதும்.

பளபளப்பா, மங்கலா?

ஹாலுக்கு மங்கலுக்கும் பளபளப்புக்கும் நடுவே உள்ளது. பூச்சு மேடுபள்ளமாக இருந்தால் மங்கல்.

சுவரின் அடியில் ஈரம் ஏறி வெள்ளைத் தூள் வருகிறது. சாம்பல் அடித்தால் மறையுமா?

மறையாது, இன்னும் தெரியும். வெள்ளைச் சுவரில் கண்ணில் படாத உப்புத் தூள் சாம்பலில் பளிச்சென்று நிற்கும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: உடைந்த குழாய், பின்பக்கக் குளியலறை, வெளியே உயர்ந்துபோன மண். அதைச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகு, உதிர்வதைச் சுரண்டி, காரம் தாங்கும் வால் சீலர் அடித்து, அப்புறம்தான் சாயம். புதிதாகச் சிமெண்டு பூசிய சுவருக்கு 4 வாரமாவது விடுங்கள். தீபாவளி வருகிறது என்று அவசரப்பட்டால் பொங்கலுக்குள் உரியும்.

கறும்புள்ளிப் பூஞ்சை இருந்தால் தண்ணீர் கலந்த குளோராக்ஸ் போட்டுத் துடைத்து, கழுவிக் காய வையுங்கள். அதோடு வினிகரையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும். அந்தச் சுவரை ஒட்டிக் கார்ப்பெட் கிடந்தால் தூக்கிப் பாருங்கள், அடியிலும் ஈரம் இருக்கும்.

ஹாலுக்கு எத்தனை லிட்டர் வேண்டும்?

12 அடிக்கு 14 அடி, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாலு சுவரும் சேர்ந்து 520 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 80 கழித்தால் 440, அதாவது சுமார் 41 சதுர மீட்டர். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 10 சதுர மீட்டர் ஓடும் என்று கொண்டால், இரண்டு கோட்டுக்கு 8 லிட்டருக்கு மேல். 5 லிட்டர் டின் இரண்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்கச் சொல்லுங்கள், வீட்டில் ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கி அடியுங்கள். பாதிச் சுவரில் ஒரு டின் தீர்ந்து அடுத்தது ஆரம்பித்தால், சாம்பலில் அந்த வித்தியாசம் தெரியும்.

கார்ப்பெட்டையே மாற்றிவிட்டால் என்ன?

கிழிந்திருந்தால், நாற்றம் போகவில்லை என்றால் மாற்றுங்கள். சாம்பல் சுவருக்காக நல்ல கார்ப்பெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சாயம் ஆயிரக்கணக்கான நிறத்தில் கிடைக்கிறது, கலந்தும் தருகிறோம். கார்ப்பெட் கடையில் இருக்கிற நாலைந்து நிறம்தான், விலையும் அதிகம். எது சுலபமாக மாறுமோ அதை மாற்றுவதுதான் முறை. இரண்டையும் இணைக்க வேண்டும் என்றால், இரண்டு நிறமும் கலந்த திரைச்சீலையோ சோபா உறையோ போட்டாலே பாதி வேலை முடியும்.

மீந்த சாயத்தை என்ன செய்வது?

சின்ன, இறுக்கமாக மூடும் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி, நிழலில் வையுங்கள். காற்று இடைவெளி இருந்தால் தோல் கட்டும். நிறத்தின் எண், சாயத்தின் வகை, கலந்த தேதி மூன்றையும் பாட்டிலிலும் எழுதுங்கள், மின்சார மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு மூலையில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடிக்காதீர்கள், திட்டாகத் தெரியும். மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் ஒரு கோட் அடித்துவிடுங்கள்.